கேஸ் போட்ட நாள்

அத்தியாயம் 6

"நூத்திப்பத்துக்குப் போடுங்க" என்றான் பைக்கில் வந்தவன்.

"ஏன்ணே, நூறுக்குப் போட்டா வண்டி கோவிச்சுக்குமா?" என்று கேட்டான் இஷாக்.

பைக்காரன் முறைத்தான். "நூறு, எரநூறுன்னு கேட்டா மிஷின்ல செட்டிங் வச்சிருப்பான். அளவு கொறையும். ஒனக்கென்ன தெரியும்?"

"நூறுக்குச் செட்டிங் வச்சவன் நூத்திப்பத்துக்கு வைக்க மாட்டானா?"

பைக்காரனின் முகத்தில் ஒரு பெரிய கவலை வந்து உட்கார்ந்தது. பம்ப்பின் அருகில் நின்ற மாயம்மாளைப் பார்த்து, "நூத்திப் பதிமூணுக்குப் போடும்மா" என்றான்.

இஷாக் தன் முதலாளியைத் திரும்பிப் பார்த்தான். அறிவுச்செல்வி சிரிக்கவில்லை. டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் இருந்த சிறிய நிழலில் நின்று, வருகிற வண்டிகளை எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுடைய துப்பறியும் அலுவலகம். இஷாக் அவளுக்கு உதவியாளன், கார் டிரைவர், டீ வாங்குபவன். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரு சம்பளம் என்பதால், வாயை மட்டும் இலவசமாக உபயோகிக்கிறான்.

அந்த பங்க் திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற சாலையில் இருந்தது. முன்பக்கம் பெட்ரோல், டீசல். கடைசியில் தனியாக ஒரு தகரக் கூரையின் கீழ் ஆட்டோக்களுக்குக் கேஸ். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், ஆட்டோ டிரைவர் சிலுவைமுத்து இங்கே வந்து கேஸ் நிரப்பிக்கொண்டு புறப்பட்டான். வீடு போய்ச் சேரவில்லை. வழியில் தென்னந்தோப்பு ஓரமாக ஆட்டோ நின்றது. அதற்குப் பக்கத்தில் அவன் மண்டை உடைந்து கிடந்தான். பையில் இருந்த பணம் அப்படியே இருந்தது.

போலீஸ் அன்றைக்கே அவன் மச்சினன் ஸ்டீபன்ராஜைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. காரணம் இரண்டு. முந்தின நாள் ஆட்டோ ஸ்டாண்டில் இருவருக்கும் சண்டை. "ஒன்னைய வண்டியோட சேத்துக் கொளுத்திருவேன்" என்று ஸ்டீபன்ராஜ் கத்தியதை ஸ்டாண்டே கேட்டது. இரண்டாவது காரணம்தான் பலமானது. சிலுவைமுத்து தன் செல்போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தான். அவன் இந்தச் சாலையில் வருவது வீட்டில் இருந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மனைவி அன்னாள். இன்னொருவன் அவள் தம்பி ஸ்டீபன்ராஜ்.

"ஏக்கா, அவன் தினமும் இங்கதான் கேஸ் போடுறவன்னா, எவன் வேணாலும் காத்துக் கெடந்து அடிச்சிருக்கலாமே?" என்றான் இஷாக்.

"அதைத்தான் கேக்க வந்திருக்கோம்."

நூத்திப் பதிமூன்று ரூபாய்க்காரன் தன் பைக்கை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினான். உள்ளே இருக்கிற காற்று வெளியே போகுமாம். பிறகு போனில் பணத்தை அனுப்பிவிட்டு, பங்க்கின் ஒலிப்பெட்டி 'பெறப்பட்டது' என்று கத்துகிறவரை பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷனைப் போல நின்றான். கத்தியதும் போய்விட்டான்.

மாயம்மாள் நீலக் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் வந்தாள்.

"பாத்தீங்கள்ல? நாள் பூரா இதே கூத்துதான். சீரோ பாத்துக்கங்கன்னு சொல்லுவேன். எங்கிட்டோ பாத்துட்டு, முடிஞ்சப்பறம் சீரோ காட்டலயேம்பான். ஒருத்தன் ஹோஸைத் தூக்கி ஒதறச் சொல்லுவான், கடைசிச் சொட்டு அவன் பாட்டன் சொத்து. பெட்டி கத்தலன்னா நாந்தான் திருடி. நல்லவன்னு ஒருத்தனக் காட்டுங்க பாப்போம்."

"சிலுவைமுத்து?" என்றாள் அறிவுச்செல்வி.

மாயம்மாளின் குரல் இறங்கியது. "அது பயந்த மனுசன்ம்மா. ஆட்டோவ நிறுத்திட்டு அந்த மரத்துக்கிட்ட போய் நின்னுக்கிருவாரு, கேஸ் வெடிச்சிரும்னு. போட்டு முடிச்சதும் வந்து சுத்தி மோந்து பாப்பாரு. நான்கூட கேலி பண்ணுவேன், என்னண்ணே ரசம் கொதிச்சிருச்சான்னு."

"தினமும் வருவாரா?"

"முன்னாடி வருவாரு. கேஸ் டேங்க்குக்கு டெஸ்ட் பண்ணின பேப்பர் காலாவதியாப் போச்சு. அது இல்லாம போடக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அப்பறம் ரெண்டு மூணு வாரம் ஆளே காணோம். பெட்ரோல ஊத்தி ஓட்டிக்கிட்டு இருந்திருக்காரு. அன்னைக்குத்தான் பேப்பரத் தூக்கி ஆட்டிக்கிட்டே வந்தாரு."

இஷாக்கின் முகம் தொங்கியது. "போச்சு. வழக்கமா வர்றவன்னா எவனும் காத்திருக்கலாம். திடீர்னு வந்தா வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். நாம ஸ்டீபன்ராஜைக் காப்பாத்த வந்தோமா, தூக்குக் கயிறு திரிக்க வந்தோமா?"

அறிவுச்செல்வி அவனைக் கண்டுகொள்ளவில்லை. "மாயம்மா, இங்க வர்றவங்க எல்லாருக்கும் ஒரு பழக்கம் இருக்கு. பழக்கத்தைத் திடீர்னு மாத்தின ஆள் யாராச்சும் உண்டா?"

"மாத்துறதாவது? செத்தாலும் மாத்த மாட்டானுவ." சொல்லிவிட்டு மாயம்மாள் கன்னத்தைச் சொறிந்தாள். "ஒருத்தரு... ஒரே ஒரு நாளு. சித்தையன்கோட்டைல தேங்கா மண்டி வச்சிருக்காரு, அந்தோணிராஜ்னு. வெள்ளக் காரு. பெட்ரோல் மூடி இருக்கிற எடப்பக்கத்த பம்ப்ப ஒட்டித்தான் நிறுத்துவாரு. ஹோஸ் லேசா பெயிண்ட்ல பட்டுட்டா போதும், எங்க ஆத்தா வரைக்கும் இழுத்துருவாரு. அவரு ஒரு நாள் திருப்பிக் கொண்டாந்து நிறுத்தினாரு. மூடி அந்தப் பக்கம், பம்ப்பு இந்தப் பக்கம். கார் மேல இழுத்துப் போடுங்கறாரு. நானும் ஹோஸைப் பின்பக்கமாச் சுத்தி, பெயிண்ட்ல தேச்சுக்கிட்டே போய்ப் போட்டேன். வாயத் தெறக்கல மனுசன்."

"என்னைக்கு?"

"நாளு எங்க ஞாபகம் இருக்கு? ம்... கொஞ்ச நாளு முன்னாடி ஒரு பெரியவர ரோட்டுல எவனோ கார்ல மோதிப் போட்டுட்டுப் போனான்ல, அதுக்கு மறுநாளு. பங்க் பூரா அதே பேச்சு. நம்ம சிலுவைமுத்து அண்ணன்தான அவரத் தூக்கி ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரி கொண்டு போனது. பாவம், பெரியவரு பொழைக்கல."

அறிவுச்செல்வி காரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, எனக்கும் கொஞ்சம் வெளங்குற மாதிரி..." என்று இஷாக் பின்னால் ஓடினான்.

"பெயிண்ட்டை உசுரா நெனைக்கிறவன், கீறல் விழட்டும்னு எதுக்கு வண்டியத் திருப்பி நிறுத்துறான்?"

இஷாக் இரண்டு எட்டு வைத்தான். நின்றான். "வலப்பக்கத்த பம்ப்போட பம்ப்பா ஒட்டி மறைக்கிறான். அங்கதான் பெரியவர் மேல மோதின அடி இருக்கு. அவரத் தூக்கிட்டுப் போன சிலுவைமுத்து மோதினத நேர்ல பாத்திருக்கான்! அடேயப்பா."

"வண்டிய எடு."

"எங்க, அந்தோணிராஜ்கிட்டயா?"

"இல்ல. இத்தனை நாள் சும்மா இருந்தவன் அன்னைக்கு எதுக்கு அடிக்கணும்? சிலுவைமுத்து இந்த ரோட்டுல வாரான்னு அவனுக்கு யாரு சொன்னது? அது தெரியாம அவன்கிட்ட போனா, தேங்கா வாங்கிட்டுத்தான் வரணும்."

*

நாகல் நகரில் ஒரு சந்துக்குள் இருந்தது அன்னாளின் வாடகை வீடு. ஒரே அறை. சுவரில் மாதா படம். அதற்குக் கீழே சிலுவைமுத்துவின் புகைப்படம், ஓட்டுநர் உரிமத்துக்காக எடுத்தது. அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள்.

அன்னாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "வாங்கக்கா" என்று எழுந்தவள், அவர்கள் உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நேத்து ஜெயில்ல தம்பியப் பாத்தேன். சோறே எறங்கலயாம். அம்மா போனதுலேருந்து நான் தூக்கி வளத்த பய. இவங்க வீட்டு ஆளுக என்னைய கல்லறைக்கே வரக்கூடாதுங்கிறாங்க, கொலகாரன் அக்காவாம். ஒருத்தரப் பொதைச்சாச்சுக்கா. இன்னொருத்தனையாச்சும் எனக்கு மீட்டுக் குடுங்க."

"மீட்கலாம். நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றாள் அறிவுச்செல்வி. ஆறுதல் சொல்வது அவளுக்குத் தெரியாத தொழில். "அன்னைக்கு உன் வீட்டுக்காரர் போன் இங்க இருந்துச்சு. யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"அந்தோணிராஜ் அண்ணன் கூப்பிட்டாரு. கூப்பிட்டாருன்னு போலீஸ்லயும் சொன்னேன், என்ன பேசினோம்னு அவங்க கேக்கல. கொஞ்ச நாளா அவருதான் சவாரிக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. நல்ல மனுசன்."

இஷாக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அறிவுச்செல்வியின் பார்வை அதை அடைத்தது.

"அந்தப் பெரியவரை அடிச்ச கார் எதுன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரா?"

அன்னாள் தயங்கினாள். "தனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்னுட்டாரு. நமக்கு எதுக்கு வம்பு, போலீஸ் கோர்ட்டுன்னு அலைய முடியுமான்னாரு. சத்தியமா வாயத் தெறக்க மாட்டாருக்கா. பட்டாசு வெடிச்சாலே வீட்டுக்குள்ள ஓடி வர்ற ஆளு."

"சரி. அந்தோணிராஜ் போன்ல என்ன கேட்டான்?"

"சிலுவை எங்கன்னாரு."

"நீ என்ன சொன்ன? சொன்னதை அப்படியே சொல்லு."

"அவரு கேஸ் போடப் போயிருக்காருண்ணே, இத்தன நாளாத் தள்ளித் தள்ளிப் போட்டாரு, இன்னைக்குப் போட்டே தீருவேன்னு கெளம்பிட்டாருன்னு சொன்னேன். எந்தப் பக்கம்னாரு. செம்பட்டி ரோட்டுப் பக்கந்தான்னேன். வச்சிட்டாரு."

அறிவுச்செல்வி சுவரில் இருந்த புகைப்படத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"செருப்பப் போட்டுக்கிட்டு வா. கார்ல ஏறு."

"எங்கக்கா?"

"உன் தம்பியக் கூட்டியாறதுக்கு."

*

சித்தையன்கோட்டைக்குப் போகும் வழியிலேயே அறிவுச்செல்வி இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். மண்டிக்கு எதிரே காரை நிறுத்தியதும், தன் போனிலிருந்து அன்னாளின் போனுக்கு ஒரு அழைப்பைப் போட்டாள்.

"இதைக் காதுல வச்சுக்கிட்டுக் கார்லயே இரு. எதுவும் பேசாத. அன்னைக்குக் கேட்ட குரலான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

இஷாக் அவளோடு நடந்துகொண்டே கிசுகிசுத்தான். "குரல் அவனோடதுன்னுதான் தெரியுமே. எதுக்குக்கா அந்தப் பிள்ளை?"

"ரெண்டாவது சாட்சி வேணும்."

"எதுக்கு ரெண்டாவது சாட்சி?"

"வா."

அந்தோணிராஜ் மண்டிக்குள் தேங்காய்க் குவியலுக்கு நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். அகலமான ஆள். அறிவுச்செல்வி தன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"சிலுவைமுத்து வீட்டுலேருந்து அனுப்பினாங்க."

"அடடா" என்று நெற்றியைத் தேய்த்தான் அந்தோணிராஜ். "தங்கமான பய. சொந்த மச்சினனே இப்படிப் பண்ணுவான்னு யாரு கண்டா?"

"உங்க கார் எங்கண்ணே?" என்றான் இஷாக். "அழகு நிலையத்துக்குப் போயிருக்கோ?"

"மகன் எடுத்துட்டுப் போயிருக்கான். எதுக்குத் தம்பி?"

"சும்மா. ஒங்க காருக்கு நாங்க ரசிகர்கள்."

அந்தோணிராஜ் சிரிக்கவில்லை. அறிவுச்செல்வி மேஜையில் கையை ஊன்றினாள்.

"சுருக்கமாச் சொல்லிர்றேன். சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி சிலுவைமுத்து கேஸ் போட்டிருக்காரு. போட்ட எடத்துல விசாரிச்சுட்டுத்தான் வாரோம்."

"பொய்!" அந்தோணிராஜ் மேஜையைத் தட்டினான். "யாருகிட்ட பூச்சாண்டி காட்டுறீங்க? இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த ஸ்டேஷன்லயும் அவன் கேஸ் போடல. நான் ஆள் விட்டு விசாரிச்சுட்டேன்."

மேலே மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றான் இஷாக், மிக மரியாதையாக. "ஆட்டோக்காரன் கேஸ் போட்டான்னு கேள்விப்பட்டா நாங்க பங்க்குல போய் விசாரிப்போம். நீங்க எதுக்கு ஸ்டேஷன்ல போய் விசாரிச்சீங்க?"

அந்தோணிராஜ் அவனைப் பார்த்தான். பிறகு அறிவுச்செல்வியைப் பார்த்தான்.

"கேஸ்" என்றாள் அவள், குழந்தைக்குச் சொல்வதைப் போல. "ஆட்டோவுக்குப் போடுற கேஸ். டேங்க் டெஸ்ட் பேப்பர் வாங்காம வாரக்கணக்காத் தள்ளிப் போட்டான். அன்னைக்குத்தான் போட்டான். அதைத்தான் அவன் பொண்டாட்டி ஒங்ககிட்ட சொன்னா. ஒங்க கார் பெரியவர மோதினத அவன் எவன்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கவும் மாட்டான். பொண்டாட்டிகிட்டயே சொல்லாதவன்."

"இல்ல... இல்ல." அந்தோணிராஜ் தலையை ஆட்டினான். "நான் கேட்டேனே."

"என்ன கேட்டீங்க?"

அவள் கேட்டது அவன் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. குவியலில் இருந்த தேங்காய்களைப் பார்த்துப் பேசினான்.

"அந்தப் பக்கம் ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பான், மறிச்சுக் கால்ல விழுந்தாவது நிறுத்திருவோம்னு திண்டுக்கல்லுலேருந்து பைக்க எடுத்துட்டுப் போனேன். எதிர்ல திண்டுக்கல்லப் பாத்துத் திரும்பி வாரான். தோப்புக்கிட்ட நிறுத்திக் கேட்டேன். ஏலே சிலுவை, கேஸ் போட்டுட்டியாலேன்னு கேட்டேன். எந்தச் சாமி மேல வேணாலும் சத்தியம் பண்றேன், நான் கேட்டேன். அவன் சிரிச்சான். ஆமாண்ணே, இப்பத்தான் போட்டுட்டு வாரேன், நல்லா ஃபுல்லாப் போட்டாச்சுன்னான். நீங்கதான் அடுத்து ஏறணும்ணேன்னான்..."

இஷாக் தன்னை அறியாமல் மேஜைமேல் கவிழ்ந்திருந்த போனைப் பார்த்தான். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அவன் அதை எடுக்கக் கை நீட்டினான். அறிவுச்செல்வி அந்தக் கையின்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"நீங்கதான் ஏறணும்னான்" என்று அந்தோணிராஜ் மறுபடி சொன்னான். "கூண்டுல ஏறணும்ங்கிறான்னு நெனச்சேன். அன்னைக்குக் காரை ஓட்டினது எம் மகன், அவனுக்குக் காலேஜ் முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு. பைக்குல தேங்கா உரிக்கிற கம்பி இருந்துச்சு, எடுத்துட்டேன்."

"கூண்டுல இல்லண்ணே" என்றான் இஷாக். "ஆட்டோல. சவாரிக்கு."

அதில் நகைச்சுவை எதுவும் இல்லை.

அறிவுச்செல்வி போனைத் திருப்பி வாயருகில் வைத்தாள். "அன்னாள். குரல் அதுதானா?"

அந்தப் பக்கத்திலிருந்து வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"அதுதான்க்கா."

அந்தோணிராஜ் எழுந்தான். ஓடவில்லை. ஓடவேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. வாசலில் ஜீப் வந்து நின்றபோது அவன் இன்ஸ்பெக்டரிடமும், "நான் கேட்டேன் சார்" என்றுதான் சொன்னான்.

*

ஜீப்பின் பின்னாலேயே இஷாக் காரை ஓட்டினான். அறிவுச்செல்வி பின் சீட்டில் அன்னாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்னாள் அழுது முடித்திருந்தாள். அழுகையைவிட இப்போது இருந்த அவள் முகம்தான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"பெட்ரோல் போடப் போயிருக்காருன்னு சொல்லியிருந்தா?" என்றாள்.

அறிவுச்செல்வி முன்னால் போகிற ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தைக்குப் போயிருக்காருன்னு சொல்லியிருந்தா? தெரியலண்ணேன்னு வச்சிருந்தா?"

"உயிரோட இருந்திருப்பாரு" என்றாள் அறிவுச்செல்வி.

காரின் வேகம் ஒரு கணம் குறைந்தது. இஷாக் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அறிவுச்செல்வியை முறைத்துவிட்டு மறுபடி ஓட்டினான்.

"இப்ப அதை யோசிக்காத. நாளைக்கு அவன் வக்கீல் வந்து, மெரட்டி வாங்கின வாக்குமூலம்னு சொல்லிருவான். போன்ல எதுவுமே பேசலன்னு சாதிப்பான். அவன் எதுக்கு அந்த ரோட்டுக்குப் போனான்னு சொல்றதுக்கு இருக்கிற ஒரே ஆளு நீ. இப்ப ஸ்டேஷன்ல எழுதும்போது ஒரு வார்த்தை முன்னப்பின்ன ஆகக் கூடாது. ஆச்சுன்னா ஒன் தம்பி உள்ளயே கெடப்பான். எங்க, சொல்லு."

"என்னத்தக்கா?"

"அன்னைக்குப் போன்ல சொன்னது."

அன்னாள் உதட்டைக் கடித்தாள். "அவரு... கேஸ்... போடப் போயிருக்காருண்ணே. இத்தன நாளா..." குரல் உடைந்தது.

"அன்னைக்கு அழுதுக்கிட்டா சொன்ன?"

"இல்லக்கா. அன்னைக்குச் சந்தோசமா இருந்தேன். பெட்ரோலுக்கே எல்லாம் போகுதுன்னு நாந்தான் தெனமும் அவரப் போட்டு நச்சரிச்சேன். போனாரேன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்."

"அப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லு. அவன் காதுல விழுந்தது எதுவோ, அதைத்தான் எழுதுறவரும் கேக்கணும். நீ இழுத்து இழுத்துச் சொன்னா, இது இப்பச் சொல்லிக் குடுத்ததுன்னு நெனைப்பாங்க."

"அக்கா, போதும்க்கா" என்றான் இஷாக். அவன் குரலில் கேலி இல்லை. "மனுசியா நீங்க?"

"தம்பி வேணுமா வேண்டாமான்னு அவளைக் கேளு."

இஷாக் கேட்கவில்லை. அன்னாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நெற்றி முடியை ஒதுக்கினாள். யாரோ போனில் அழைத்ததைப் போலவே தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டாள். அவள் குரல் திடீரென்று இளமையாகிவிட்டது.

"அவரு கேஸ் போடப் போயிருக்காருண்ணே! இத்தன நாளாத் தள்ளித் தள்ளிப் போட்டாரு, இன்னைக்குப் போட்டே தீருவேன்னு கெளம்பிட்டாரு!"

சொல்லி முடித்த பிறகும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தை விட்டுப் போகாமல் இருந்தது.

"இப்பச் சரியா இருக்காக்கா?" என்றாள்.

"இன்னொரு தடவை" என்றாள் அறிவுச்செல்வி.